ரெண்டாவது போன் நம்பர்

எல்லாப் பரிட்சையிலும் தேறிவிட்டேன் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கு, திருச்செங்கோட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சங்ககிரி வரும்வரை தன்னால் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பார்த்துப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, பேரன் பொறந்திருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க, எனக்கு வேற கிட்னி வெக்கப் போறாங்க" என்றேன்.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

போனால் போகட்டும். பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். அறுபது வயசுக்கு மேல் ஒரு பரிட்சையில் தேறினால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

சர்க்கரை நோயில் என் ரெண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயின. அது முதல் வாரத்துக்கு மூன்று தரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறேன். வெண்ணந்தூரில் வாக்கப்பட்ட என் மகள், "என்னுதுல ஒண்ண எடுத்துக்கம்மா" என்றாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பேச்சு. "வாய மூடு புள்ள, உங்கிட்ட கை நீட்டிப் பழக்கமில்ல எனக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் டாக்டர் இன்னொரு வழி சொன்னார். மூளை செத்துப்போனவர்களின் குடும்பம் மனசு வைத்துக் கொடுக்கிற கிட்னிக்கு ஒரு வரிசை இருக்கிறதாம். உடம்பு தாங்குமா என்று தலை முதல் கால் வரை பார்த்து, தாங்கும் என்றால் அதில் பேர் சேர்ப்பார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அவர்கள் பார்க்காத இடமில்லை. குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சை, வயிற்றைப் படம் பிடித்தார்கள். பல் டாக்டரிடம்கூட அனுப்பினார்கள்.

"கிட்னி வெக்கறதுக்கு எதுக்குங்க பல்லு?" என்று கேட்டேன்.

"புதுக் கிட்னி நிக்கறதுக்குக் குடுக்கற மாத்திரைல உடம்புல எதிர்ப்பு கொறைஞ்சிரும்மா. பல்லுல சீழ் இருந்தா ரத்தத்துல கலந்து பரவிரும்" என்றார்.

"கரும்பு கடிச்ச பல்லுங்க, நல்லாப் பாத்துக்குங்க."

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு கடவாய்ப் பல்லைப் பிடுங்கிப்போட்டுவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பரிட்சை கழிந்தது என்று எழுந்து வந்தேன்.

இதயம்தான் பெரிய பரிட்சை. தண்ணீர் கூடினால் என் மாதிரி ஆட்களுக்கு இதயம் வீங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் அளவு, சோற்றில் ஊற்றும் ரசம்கூட அந்தக் கணக்கில்தான். சித்திரை வெயிலில் எலுமிச்சங்காயை மோந்து பார்த்துக்கொண்டே நாளைக் கழித்தேன். ஒரு மிடறு தாண்டவில்லை. இதய டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா வேலை செய்யுதும்மா, யார் சொல்லிக் குடுத்தாங்க இவ்வளவு கட்டுப்பாடு?" என்றார். "யாரும் சொல்லி நான் கேட்டதில்லீங்க" என்றேன். அன்றைக்குத்தான் பஸ்ஸில் அந்தச் சிரிப்பு.

ஆனால் பேர் இன்னும் ஏறவில்லை. பேர் சேர்க்கிற பெண் ஒரு வேலை மிச்சம் வைத்திருந்தாள். "கிட்னி வந்தா போன் பண்ணுவோம்மா. உடனே கெளம்பி வரணும். நீங்க எடுக்கலேன்னா அடுத்தவங்களுக்குப் போயிரும். அதனால ரெண்டாவதா ஒரு நம்பர் குடுங்க. பக்கத்துலயே இருக்கறவங்களா, வண்டி வெச்சிருக்கறவங்களா இருக்கணும்" என்றாள்.

மகளுக்கு ஊர் வேறு. மருமகன் லாரியில் போனால் எந்த மாநிலத்தில் இருப்பாரோ தெரியாது. பக்கத்தில், கார் வைத்துக்கொண்டு இருக்கிறவர் ஒருத்தர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தன்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அன்னந்தண்ணி பொழக்கம் இல்லை. பொதுக் கிணற்றில் மோட்டார் ஓட்டுகிற முறையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வந்த சண்டை, என் வீட்டுக்காரர் போன பிறகும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் ரெண்டு வீடு முறிந்தால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டோம். ஒன்று கூடுவது என்றாலும் தண்ணீர் வாங்கிக் குடித்துத்தான்.

"சித்தப்பன் ஊரூரா போர் வண்டி ஓட்டிப் பூமிக்குள்ள இருந்து தண்ணி எடுக்கறாரு. நம்ம ஊட்டோட மட்டும் தண்ணி பொழக்கம் இல்ல" என்று மகள் குத்திக்காட்டுவாள்.

இதற்கு மேல் குமாரபாளையத்துக் கல்யாணம் வேறு. போன வருசம் அங்கே ஒறம்பரை, சொந்தக்காரர் எல்லாம் பார்க்க என் ஓரகத்தி, அதுதான் கொழுந்தன் பெண்டாட்டி, சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, தண்ணி குடிங்க." எனக்கோ அன்றைய பாட்டில் காலையிலேயே முடிந்துபோயிருந்தது. மிஷினுக்குப் போவதை நான் அப்போது யாருக்கும் சொல்லவில்லை. ஊரார் உச்சுக்கொட்டுவதைக் கேட்க நான் பிறக்கவில்லை. "வேண்டாம்" என்றேன். ஒரே வார்த்தை. அவள் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த மாதம் வேலி இன்னும் ஒரு முழம் உயர்ந்தது.

"நான் போயிக் கேக்கட்டுமாம்மா?" என்றாள் மகள்.

"எனக்கு வெக்கற கிட்னிக்கு நான்தான் கேப்பேன்" என்று காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

கொழுந்தன் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயைக் கீழே போட்டுவிட்டு, "வாங்க நங்கை" என்றார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். ஓரகத்தி கதவோரம் வந்து நின்றாள். கையில் சொம்பு இல்லை.

"ஏம் புள்ள, ஊட்டுக்கு வந்தவளுக்குத் தண்ணி குடுக்க மாட்டியா?"

"ஒருக்காக் குடுத்துப் பட்டது போதுமுங்க அக்கா."

நான் சேலைத் தலைப்பை விலக்கி இடது கையை நீட்டினேன். மிஷினில் மாட்டுவதற்காக நரம்பை இணைத்துத் தைத்த இடம், கயிறுபோலத் தடித்துக் கிடக்கும். "இங்க கைய வெச்சுப் பாரு" என்றேன். வைத்தவள் பதறி எடுத்துக்கொண்டாள். கொழுந்தனும் விரலை வைத்துப் பார்த்தார்.

"மோட்டார் ஓடறாப்பல இருக்குதுங்க நங்கை!"

"இது ஓடறதுனாலதான் நான் நின்னு பேசறேன். அன்னைக்குக் கல்யாணத்துல எனக்குத் தண்ணி அளவு தீந்துபோச்சு. அதான் வேண்டாம்னேன்."

ஓரகத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க அக்கா? ஒரு வருசமா உங்களுக்குச் சாபம் உட்டுட்டுக் கெடந்தனே!"

"அதான் போன மாசம் ஒரு பல்லு போயிருச்சு" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

ஓடிப்போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குச் சொம்பெல்லாம் ஆகாது. "ஐஸ்கட்டி ஒண்ணு இருந்தாக் குடு புள்ள" என்றேன். டம்ளரில் ஒரு கட்டி போட்டுக் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டேன். அது கரைகிறவரை என்னால் பேச முடியவில்லை. அவர்கள் ரெண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நங்கை இவ்வளவு நேரம் பேசாம இருந்து இப்பத்தான் பாக்கறேன்" என்றார் கொழுந்தன்.

கட்டி கரைந்ததும் நம்பர் விசயத்தைச் சொன்னேன். "என்னுது ரெண்டு நம்பரு இருக்குது, ரெண்டையும் எழுதச் சொல்லுங்க. நான் வடக்க போர் போடப் போனாலும் இவ ஓட்டுவா" என்றார்.

"சரிங்க தம்பி. ஆனா கெணத்து மொறைல மாத்தமில்ல, இப்பவே சொல்லிட்டேன்."

"அது வேற பேச்சுங்க நங்கை. நீங்க பொழைச்சு வாங்க, அப்பறம் சண்டை போட்டுக்கலாம்."

அடுத்த நாள் சேலத்துக்குக் கொழுந்தன் காரில் போனேன், ஓரகத்தியும் கூட வந்தாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "ஏறிருச்சும்மா உங்க பேரு" என்றாள். எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, மாசமும் ஆகலாம், வருசமும் ஆகலாம் என்றாள். ஆகட்டும். வாசலுக்கு வந்ததும் ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணப்பெண் மாதிரி படியில் இறங்கினேன்.

யாரோ ஒருத்தர் போனால்தான் எனக்கு வரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைக் கொடு என்று எந்தச் சாமியிடமும் கேட்க மாட்டேன். வரும்போது வரட்டும், அதுவரை என்னைத் தயாராக வைத்திரு என்றுதான் விளக்கு வைக்கும்போது கேட்கிறேன்.

இப்போது தினம் காலையில் போன் அடிக்கிறது. ஒவ்வொரு தரமும் ஆஸ்பத்திரிதான் என்று ஓடுகிறேன். எடுத்தால் வேலிக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

"ஒண்ணுமில்லீங்க நங்கை, மணி அடிக்குதான்னு பாத்தேனுங்க."

"அடிக்குது. வெய்யுங்க போனை, ஆஸ்பத்திரிக்காரங்க கூப்பிட்டா லைன் கெடைக்காது."

வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். காரைக் கழுவி, ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருப்பார்.