வலிக்காத வீக்கம்

அம்மாவின் இடது காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், முதலில் அது ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருந்தது. யுத்தகாலம். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் நானும் அவளும் மட்டும் குடியிருந்தோம். அப்பா இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. பள்ளி இறுதி வகுப்புத் தேறி, ரேஷன் ஆபீசில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது.

பக்கத்து வீட்டுக்காரி தொட்டுப் பார்த்தாள். "பொன்னுக்கு வீங்கிதான்க்கா. இந்த வயசுல வந்துகீது பாரு, அதான் வேடிக்கை" என்று தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். பொன் மேலே பட்டால் அந்த வீக்கம் வாடிவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம்.

"தாலியறுத்தவளுக்கு எதுக்குடி பொன்னு?"

"போட்டுக்கக்கா. கண்ணாலப் பொண்ணு கணக்கா கீறே!"

அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். சங்கிலி தெரியாதபடி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டுதான் தண்ணீருக்குப் போனாள்.

காய்ச்சல் வரவில்லை. வீக்கமும் வற்றவில்லை. பொன்னுக்கு வீங்கி கண்ட பிள்ளைகள் வாயைத் திறக்க முடியாமல் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவோ முறுக்கைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "நோவே இல்ல நைனா. நோவாததுக்கு இன்னாத்துக்கு டாக்டரு?" என்பாள். வலி இல்லையே என்று நானும் ஆறுதல்பட்டுக்கொண்டேன். மழைக்காலம் முடிந்து தை பிறந்தபோது அது கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்து, காது மடலை வெளியே தள்ளியிருந்தது. தொட்டால் கல். அசையவில்லை.

ஒரு காலையில் அடுப்பு மூட்ட ஊதாங்குழலை வாயில் வைத்தவள், திரும்பத் திரும்ப ஊதினாள். காற்றெல்லாம் உதட்டின் இடது ஓரத்தில் கசிந்துபோயிற்று.

"குழல்ல இன்னாமோ அடைச்சிகினு கீது, பாரு."

வாங்கி ஊதினேன். விறகு உடனே பற்றிக்கொண்டது. எழுந்த புகைக்கு அம்மாவின் வலது கண் மட்டும் மூடியது. இடது கண் நீர் வடிய, திறந்தபடியே என்னைப் பார்த்தது.

அன்றே அவளை ராயப்பேட்டையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர், அப்போதும் கழுத்தில் கிடந்த அந்தச் சங்கிலியைக் கழற்றச் சொல்லிவிட்டு, கழுத்து முழுவதும் விரலால் அழுத்திப் பார்த்தார். கன்னம் மரத்துப்போகிறதா, சோறு வாயோரம் ஒழுகுகிறதா என்று கேட்டார். இரண்டுக்கும் அம்மா தலையாட்டினாள். இரண்டையும் அவள் என்னிடம் சொன்னதே இல்லை. பிறகு அவர் என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். எங்கள் குடும்பத்தில் அது புரிந்த முதல் ஆள் நான். ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"இன்னாடா சொல்றாரு?"

"எச்சில் ஊறுற எடத்துல கட்டிம்மா. கெட்ட கட்டியா இருக்கும்னு சந்தேகப்படறாரு. அறுத்து எடுக்கணுமாம்."

"அறுத்தா மூஞ்சி நேராயிடுமா?"

கேட்டுச் சொன்னேன். "ஆவாதாம்மா. இன்னும் கொஞ்சம் கோணினாலும் கோணுமாம்."

"அப்ப எதுக்குடா அறுக்கணும்?"

"நீ இருக்கணும்மா. அதுக்குத்தான்."

அவள் முந்தானையால் கடைவாயைத் துடைத்துக்கொண்டு டாக்டரை நேராகப் பார்த்தாள். "அறுத்துட்டா இருப்பேனா சாமி?"

"பார்க்கலாம்மா. சீக்கிரமா வந்திருக்கலாம்" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சியைவிட்டு எழுந்தாள்.

"எங்க போய்ப் படுக்கணும், கேளு" என்றாள்.