மணி அடிக்கும் முன்பே எடுத்த போன்

இது நடந்த விஷயம். அந்த வீட்டுக்குள் போனவர்கள் மூன்று பேர். ஒருவர் இன்றைக்கும் அதே தெருவில் காவலாளி. கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்னொருவர் எரிவாயுக் குழாய் சோதிக்க வந்த ஊழியர். அந்தத் தெருவுக்கு இனிமேல் தன்னை அனுப்ப வேண்டாம் என்று அலுவலகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார். மூன்றாவது ஆள் ஹலோ அக்கா. அவள் சொன்னதுதான் இது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. காலிங் பெல் அடித்தால்கூட "ஹலோ" என்றுதான் கதவைத் திறப்பாள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. முகங்களை மறந்துவிடுவாள். குரலை மட்டும் மறக்க மாட்டாள். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், பத்து வருடம் கழித்தும் ஆளைச் சொல்லிவிடுவாள்.

அந்தக் குடியிருப்புச் சங்கத்தில் நூற்று நாற்பது வீடுகள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கரண்ட் எப்போது போகும், எந்தச் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது... எல்லாவற்றையும் காலையில் போனில் குழுவுக்கு அனுப்புவது அக்காவின் பொறுப்பு. ஆனால் தனியாக இருக்கும் வயதானவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்கள் அதையெல்லாம் திறந்து பார்ப்பதில்லை. அதனால் தினமும் ஏழரை மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். அன்றைய செய்தியைச் சொல்வாள். குரலைக் கேட்பாள். நோட்டில் டிக் போடுவாள்.

யாராவது எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். அப்போதும் எடுக்கவில்லை என்றால் காவலாளி மாற்றுச் சாவியோடு போய்க் கதவைத் திறப்பார். அதுதான் ஏற்பாடு. மூன்று வருடத்தில் இரண்டு உயிரை அந்த ஏற்பாடு காப்பாற்றியிருந்தது.

பட்டியலில் ஐந்தாவது ஆள் இருபத்து மூன்றாம் எண் வீட்டுக்காரர். மின்சார வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடம். அவர் முறை வரும்போது சரியாக 7.42 ஆகும். முட்டி வலி. எழுந்து வந்து எடுப்பதற்குள் ஏழெட்டுத் தடவை மணி அடித்துவிடும்.

"மீட்டர் ஓடுதும்மா," என்பார்.

"ரீடிங் எவ்வளவுங்க ஐயா?"

"எழுபத்தாறு. இன்னும் பில் வரல."

தினமும் இதே பேச்சு. தினமும் இரண்டு பேரும் சிரிப்பார்கள். செய்தியைச் சொல்லி முடித்த பிறகும் அவர் வைக்க மாட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். விமானத்தில் பதினொரு மணி நேரமாம். இந்த வருடம் கண்டிப்பாக வருகிறாளாம். அதையும் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மகளை அக்கா பார்த்ததில்லை. பேசியதும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை 7.42.

அக்கா எண்ணைப் போட்டாள். மணியே அடிக்கவில்லை. அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ... ஐயா?"

"ம்."

பெண் குரல். கொஞ்சம் கம்மலான குரல். வயது நாற்பதுக்குள் இருக்கும் என்று அக்கா கணக்குப் போட்டாள்.

"சங்கத்துலேருந்து பேசறேன். நீங்க... மகளா?"



"ம்."

அக்காவுக்குத் தன் வீட்டுக்கே ஆள் வந்தது போல ஒரு சந்தோஷம். "எப்பங்க வந்தீங்க? அப்பா உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்ல. எங்க அவர்?"

"படுத்திருக்கார்."

"தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பாதீங்க. நாளைக்குப் பத்து மணியிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் கரண்ட் இருக்காது. அவர்கிட்ட சொல்லிடுங்க."

"சரி."

அக்கா டிக் போட்டாள். பக்கத்தில் சிறிய எழுத்தில் 'மகள் வந்தாச்சு' என்றும் எழுதினாள். அன்று மாலை ஒரு எட்டு போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. பிறகு அவளே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மூன்று வருடம் காத்திருந்தவர். அப்பாவும் மகளும் கொஞ்ச நாள் தனியாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம்.

செவ்வாய். 7.42.

இன்றும் மணி அடிக்கவில்லை. எடுத்தாயிற்று.

"ஐயா எழுந்துட்டாரா?"

"படுத்திருக்கார்."

"உடம்பு எதுவும்..."

"நான் கூட இருக்கேன்."

அந்தக் குரலுக்குப் பின்னால் ஏதோ கேட்டது. டொக்... டொக்... கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக்... பலம் இல்லாத சத்தம்.

"அது என்னங்க சத்தம்? குழாய் சொட்டுதா? பிளம்பர் நம்பர் தரட்டுமா?"

"வேண்டாம்," என்றது குரல். "நின்னுடும்."

அக்கா டிக் போட்டாள்.

புதன். 7.42.

"படுத்திருக்கார்."

பின்னால் சத்தம் எதுவும் இல்லை. அக்கா காதை நன்றாக வைத்துக் கேட்டாள். ஆபரேட்டர் காது. ஒரு வீட்டில் ஆள் இருந்தால் எவ்வளவு அமைதியிலும் ஏதாவது கேட்கும். மின்விசிறி, பாத்திரம், செருப்பு, தெருவில் போகிற வண்டி. இங்கே ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்தது போல இருந்தது.

"அந்தச் சத்தம் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

டிக்.

வியாழக்கிழமை காலையும் அதே பதில்தான். அக்கா டிக் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

11.15. எரிவாயுக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று வீடு வீடாகச் சோதித்துக்கொண்டிருந்த ஊழியர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். அக்கா அங்கேதான் இருந்தாள்.

"இருபத்து மூணுல கதவு திறக்க மாட்டேங்கறாங்கம்மா. நானும் மூணு தடவை பெல் அடிச்சுட்டேன். கையெழுத்து வேணும்."

"உள்ளதான் இருக்காங்க. காலைல பேசினேனே."

"என்னங்க பேசினீங்க? நாலு நாள் பேப்பர் வாசல்லயே கிடக்கு."

அக்கா எழுந்துவிட்டாள்.

பலகையில் தொங்கிய மாற்றுச் சாவியைக் காவலாளி எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் நடந்தார்கள். நல்ல வெயில். எதிர் வீட்டு மாடியில் துணி காய்ந்தது. யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்து மூன்றாம் எண் வீட்டில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தன. வாசலில் நாளிதழ்கள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஒன்றின் மேல் ஒன்று. பிரிக்கவே இல்லை.

11.24. அக்கா கதவுக்கு முன்னால் நின்றபடியே எண்ணைப் போட்டாள்.

வீட்டுக்குள் மணி அடிக்கவில்லை.

ஆனால் எடுத்துவிட்டார்கள்.

"வந்துட்டீங்களா," என்றது குரல்.

"வாசல்ல நிக்கறோம்... கதவைத் திறங்களேன்."

"சாவி உங்ககிட்டதானே இருக்கு."

அக்கா காவலாளியின் கையைப் பார்த்தாள். சாவி அவர் கைக்குள் இருந்தது. அவர் கேள்வியோடு அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தாள்.

பூட்டு திறந்தது.

கூடம் இருட்டாக இருந்தது. உள்ளிருந்து வந்த வாடையில் ஊழியர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கதவிலிருந்து நாலு அடியில் சிறிய மேஜை. மேஜையில் டெலிபோன். ரிசீவர் அதன் இடத்தில் அப்படியே இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அக்காவின் கையில் இருந்த போனில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. 2.07... 2.08... 2.09...

"ஹலோ," என்றாள். அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

"உள்ள வாங்க."

காதில் மட்டும்தான் கேட்டது. வீட்டுக்குள் கேட்கவில்லை.

கூடம். சமையலறை. நடை.

நடையின் கடைசியில் குளியலறை.

வாசற்படியில்...

அவர் படுத்திருந்தார்.

வலது கை நீட்டியபடி. கைக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதன் அடிப்பாகம் நசுங்கியிருந்தது. அந்த இடத்தில் தரை ஓடு முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள்.

டொக்... டொக்...

அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். போன் கையிலிருந்து விழுந்தது. அழைப்பு தானாகவே துண்டானது.

மணி 11.29.

மருத்துவர் சொன்னதைச் சங்கத் தலைவர்தான் வந்து சொன்னார். ஞாயிறு ராத்திரி வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. நகர முடியவில்லை. செவ்வாய் ராத்திரி வரைக்கும் உயிர் இருந்திருக்கிறது.

அதற்கு மேல் அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திங்கள் காலை 7.42க்கு யாரும் எடுக்காமல் இருந்திருந்தால் 7.52க்கு மறுபடி கூப்பிட்டிருப்பாள். எட்டு மணிக்குக் காவலாளி கதவைத் திறந்திருப்பார். ஐயா வலி தாங்காமல் கத்தியிருப்பார். ஆம்புலன்ஸில் போகும்போதும் மீட்டரைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

"லைன் மாறிப் போயிருக்கும்மா," என்றார் தலைவர். "உன் மேல என்ன தப்பு?"

"நாலு நாளும் ஒரே குரல்ங்க."

"யாராவது விளையாடியிருப்பாங்க."

"எங்ககிட்ட சாவி இருக்கறது விளையாடறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தலைவர் நோட்டை எடுத்துப் பார்த்தார். வரிசையாக நாலு டிக். மூடி வைத்துவிட்டார்.

இப்போது அக்கா யாரையும் போனில் கூப்பிடுவதில்லை. மழையானாலும் வெயிலானாலும் ஏழரைக்குக் கிளம்பிவிடுகிறாள். பத்து வீட்டுக் கதவையும் தட்டுகிறாள். அவர்கள் வெளியே வந்து முகத்தைக் காட்ட வேண்டும். கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கு நகர்கிறாள். "எங்களை என்ன குழந்தைன்னு நினைச்சியா" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அவள் கையை விடுவதில்லை. அவளுடைய வீட்டில் போன் அடித்தால் அவள் கணவர்தான் எடுக்கிறார்.

நாலு நாள் வந்த குரலைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சனிக்கிழமை நடந்தது பலருக்குத் தெரியாது.

சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு மகள் வந்து சேர்ந்தாள். நேராகச் சங்க அலுவலகத்துக்குத்தான் வந்தாள். கையில் பெட்டி. அழுது அழுது வீங்கின முகம். தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா மூலையில் நின்றாள். ஏறிட்டுப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

"வீட்டுச் சாவி வேணும்," என்றாள் மகள்.

அக்கா நிமிர்ந்தாள். கொஞ்சம் கம்மலான குரல். நாற்பதுக்குள் வயது. நாலு நாள் காலையில் கேட்ட அதே குரல். சந்தேகமே இல்லை.

ஆனால் இந்தப் பெண் இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். பெட்டியில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

எதையாவது சொல்ல வேண்டும் என்று அக்கா வாயைத் திறந்தாள். "என்னை மன்னிச்சிடுங்கம்மா... நான்தான் தினமும்..."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். அக்காவை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

"எது?"

"திங்கட்கிழமை நான் அப்பாவுக்குப் போன் பண்ணேன். நீங்கதானே எடுத்தீங்க."

மகள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மணிகூட அடிக்கல. டக்குனு எடுத்துட்டீங்க. சங்கத்து அக்காவான்னு கேட்டேன். ஆமான்னீங்க. ஞாயித்துக்கிழமைலேருந்தே எனக்கு மனசு சரியில்ல. டிக்கெட் எடுத்து வெச்சிருந்தேன். நீங்கதான் வர வேண்டாம்னு சொன்னீங்க. நான் கூட இருக்கேன்னு சொன்னீங்க. அதை நம்பி கேன்சல் பண்ணேன்."

"நான் அந்த வீட்டுக்கே போகலம்மா," என்றாள் அக்கா. "நீங்க வந்துட்டீங்கன்னு நினைச்சு... நான் போகவே இல்ல."

"உங்க குரல் இதுதான். எனக்கு நல்லாத் தெரியும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். தலைவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வருகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மகள் மெதுவாக உட்கார்ந்தாள். கண்ணீர் தானாக வழிந்தது. துடைக்கவில்லை.

"புதன்கிழமை கடைசியாக் கூப்பிட்டேன்," என்றாள். "அப்பாகிட்ட குடுங்கன்னு கெஞ்சினேன். குடுத்தீங்க."

புதன்கிழமை. செவ்வாய் ராத்திரியே உயிர் போனவர்.

"பேசினாரா?" என்று கேட்டார் தலைவர்.

"பேசினார். ரொம்பச் சின்னக் குரல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'அந்தச் சங்கத்துப் பொண்ணு ஏன் இன்னும் வரல?'ன்னு." மகள் அக்காவையே பார்த்தாள். "நான் சிரிச்சேன். 'உங்க பக்கத்துலதானேப்பா இருக்காங்க'ன்னு சொன்னேன்."