ஒன்பது பேர் படித்த வகுப்பு

அப்பாண்டைராஜ் ஐயா போய்விட்டார். இப்போதுதான் போன் வந்தது... செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாரே, அவர்தான்.

நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. ஆனால் இதைச் சத்தமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

போன வருடம் என் பிஎச்.டி. பக்கங்களை பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன். அறுபதுகளின் கடைசியில் ஆட்சி மாறியதும் கல்லூரிப் படிப்பைத் தமிழிலும் கொண்டுவந்தார்களே... அதை அரசு எப்படிச் சொன்னது, கல்லூரிகள் எப்படிச் சொல்லின என்பதுதான் என் ஆராய்ச்சி.

மெஷினிலிருந்து வந்த ஒரு பக்கத்தைப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாம்மா இது? வரவேற்பு இல்லாததால தமிழ் வகுப்ப மூடிட்டாங்கன்னு எழுதிகீறே?”

“காலேஜ் ரிப்போர்ட்ல அப்படித்தான் ஐயா இருக்குது.”

“அப்ப நான் யாரு?”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதே கல்லூரி, அதே வகுப்பு! அதில் படித்தவர்தான் இத்தனை நாளும் என் பக்கங்களுக்கு ஸ்டேபிள் அடித்துக்கொண்டிருந்தார்!

பத்துப் பேர் சேர்ந்தால்தான் தமிழ்வழி பி.யு.சி. வகுப்பு நடக்கும் என்றார்களாம். ஐயாவோடு சேர்த்து ஒன்பது பேர்தான். பத்தாவதாக அவலூர்பேட்டை சிநேகிதர் தர்மராஜனைக் கெஞ்சிச் சேர்த்திருக்கிறார்.

தர்மராஜனோ ஒரே வாரத்தில் அப்பாவின் மல்லாட்டை மண்டிக்கு, வேர்க்கடலை வியாபாரத்துக்கே திரும்பிவிட்டார். அன்று முதல் ஐயாவே தினமும் இரண்டு முறை “உள்ளேன் ஐயா”. தன் பெயருக்குச் சொந்தக் குரல், தர்மராஜனுக்குக் கட்டைக் குரல்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து வந்து தலையை எண்ணினார்கள். வகுப்பை மூடிவிட்டு எல்லோரையும் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பினார்கள். ஐயா ஃபெயில். படிப்பு அதோடு சரி.

“கெவருமெண்டு, பசங்க திரண்டு வந்தாங்கன்னு சொல்லிச்சி. காலேஜி, ஒருத்தனும் வரலன்னு சொல்லிச்சி. நாங்க ஒம்போது பேரும்மா. பிசிக்ஸ தமிழ்ல படிச்சோம். அத எழுது.”

என் ஆராய்ச்சி கைடிடம் சொன்னேன். “கடைக்காரர் சொன்னா போதுமா? ஆதாரம் எங்க?” என்றார்.

நான்கு மாதம் தேடினேன். கல்லூரியின் பழைய அறையில், ஒரு பீரோவுக்கு அடியில்... அந்த வகுப்பின் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்! பத்துப் பெயர்கள். வகுப்பு மூடிய நாள் வரை டிக். நான் போட்ட கூச்சலில் ஆபீஸ் உதவியாளர் ஓடி வந்துவிட்டார். கைடும் அந்த வரியை மாற்றச் சொல்லிவிட்டார்.

போன வாரம் ரெஜிஸ்டரின் போட்டோவை பிரிண்ட் போட்டு ஐயாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார்.

“பெரியவரே, ஆதார் ரெண்டு காப்பி. பஸ்சு எடுக்கப் போறான்...”

“இருய்யா, அட்டெண்டன்ஸ் எடுத்துனுகீறேன் இல்ல!”

தன் பெயர் வந்ததும் “உள்ளேன் ஐயா”. தர்மராஜன் பெயர் வந்ததும் அதே கட்டைக் குரல். ஆதார் காப்பிக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

இன்று காலை மாற்றிய பக்கத்தை பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன், கடை திறந்ததும் போகலாம் என்று. “ஒன்பது மாணவர்கள் தமிழில் படித்தனர்.” அவ்வளவுதான் அந்த வரி.

போய் வாருங்கள் ஐயா. இனி அந்த ரெஜிஸ்டரை யார் படித்தாலும், உங்கள் பெயர் வரும்போது நான் குரல் கொடுக்கிறேன்.

உள்ளேன் ஐயா.