நெற்றியில் ஒரு சிராய்ப்பு

எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் தலைவருக்கு நெற்றியில் எப்படி அடிபட்டது என்று அறிந்த ஒரே ஆள் நான்தான். அன்று காலை ஷிஃப்டுக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். மைன்ஸ் ரோட்டுச் சேற்றில் வண்டி சறுக்கியது. எனக்கு முட்டி, அவருக்கு நெற்றி. லேசான சிராய்ப்புதான், துடைத்துவிட்டு வேலைக்குப் போனோம்.

ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு எதிரே கூட்டம். தலையைச் சுற்றிப் பெரிய கட்டோடு தலைவர் வந்து நின்றார். சங்கத்தின் கமிட்டிக்காரர்கள் ஆள் வைத்து அடித்துவிட்டார்களாம். இனிக் கமிட்டி வேண்டாம், எல்லோரும் பெர்மனென்ட் ஆகும்வரை தேர்தலும் வேண்டாம், சங்கத்தைத் தன் கையில் விடுங்கள், காவலுக்கு எட்டுப் பேரைக் கொடுங்கள் என்றார்.

நான் தபாலில் எம்.ஏ. வரலாறு படித்தவன். பண்டைய ஏதென்சில் இதையேதான் ஒருவன் செய்தான். பிறப்பால் வந்த பெருங்குடிகள் பதவிகளைத் தங்களுக்குள் சுற்றவிட்டுக்கொண்டிருந்த காலம். ஏழைகளின் ஆள் நான் என்று வந்தவன், தன்னையும் தன் வண்டியின் கோவேறு கழுதைகளையும் தானே காயப்படுத்திக்கொண்டு சந்தைக்குள் வந்து, எதிரிகள் தாக்கிவிட்டார்கள் என்று அழுதான். ஜனங்கள் கைதூக்கித் தடிக்காரர்களைக் காவலுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தடிகளை வைத்தே கோட்டையைப் பிடித்துச் சர்வாதிகாரி ஆனான். எங்கள் கமிட்டிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அண்ணன் இறங்கினால் தம்பி, தம்பி இறங்கினால் மச்சான். அவர்கள் மேலிருந்த எரிச்சலில் கூட்டம் எதற்கும் தயாராக இருந்தது.

தலைவர் என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன், நீயே ஒரு வார்த்த சொல்லு தம்பி" என்றார்.

அடுத்த வாரம் என் கேட் பாஸ் முடிகிறது. யார் யாருக்குப் புதுப்பிப்பது என்று காண்ட்ராக்டரிடம் பட்டியல் கொடுப்பவர் அவர். வீட்டில் மனைவி எட்டு மாதம். நான் பேசினேன். அவர் சிந்திய ரத்தம் நமக்காக என்றேன். சொல்லும்போதே என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லாக் கையும் உயர்ந்தது.

இரண்டு வருஷம் கழித்து, தேர்தல் எப்போது என்று தலைவரிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். அடுத்த பட்டியலில் என் பெயர் இல்லை. பார்க்கப் போனபோது அவர் வீட்டு வாசலில் அந்தக் காவல்காரர் எட்டுப் பேரில் ஒருவன், "தலைவர் ரெஸ்ட்ல இருக்காரு, கெளம்புங்க" என்றான்.

அதன்பின் வீடு வீடாக அலைந்தேன். பைக் சறுக்கிய கதையைக் கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னேன். பலர் காதிலேயே வாங்கவில்லை. கடைசியாக, ஆறு வருஷம் என்னோடு ஒரே கன்வேயரில் நின்றவரிடம் போனேன். முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொன்னீங்கன்னுதாங்க நான் கையத் தூக்குனேன். அன்னிக்கி எனக்கு இஷ்டமே இல்ல" என்றார்.

பிறகு, ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் எங்கே போவதென்று தெரியாமல் அவர் வாசலிலேயே நின்றேன்.