கம்ப்யூட்டருக்குப் போர்த்திய கம்பளி

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இன்றைய லேப்டாப்பில் ஓட்டும் மென்பொருள் ஒன்றை நேற்று பெரும்பாடுபட்டு நிறுவினேன். கறுப்புத் திரையில் பச்சைப் பாம்பு நெளிந்து இரையைக் கவ்வி 'பீப்' என்றதும், சூடான தூசியும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை எங்கிருந்தோ வந்து, மலைமேல் நாகலூரில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காப்பி எஸ்டேட் ஆபீசுக்குள் என்னை உட்கார வைத்துவிட்டது. இன்று அந்த இடத்தில் ஒரு சொகுசு விடுதி நிற்கிறது.

பனிமூட்டம் சன்னல் வழியே நுழையும் மாதங்களில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பகலெல்லாம் ஒரு குண்டு பல்பு எரியும். அதுவும் போதாதென்று, திரை மட்டும் முகம்போலத் தெரியும்படி கம்ப்யூட்டருக்குக் கம்பளி போர்த்தியிருப்பார் அப்பா. பள்ளி விட்டு வந்த நான் கம்பளியின் ஓரத்தை என் தோளுக்கும் இழுத்துக்கொண்டு பாம்பை வளர்ப்பேன். வெளியே, பறித்த காப்பிப்பழத்தை எடை போடக் காத்திருக்கும் பெண்கள், சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டபடி தூறலில் நிற்பார்கள்.

ஒருநாள் கைக்குழந்தையோடு நின்ற ஓர் அக்கா சன்னலில் எட்டிப் பார்த்து, "ஏனுங்க ரைட்டரே, அதுக்குக் குளிருமுங்களா?" என்று கேட்டார்.

"ஈரம் ஆகாதும்மா, கெட்டுப்போயிரும்" என்றார் அப்பா.

"அப்ப நல்லாப் போத்தி உடு கண்ணு" என்று என்னிடம் சொன்னார் அந்த அக்கா. குரலில் துளியும் கேலி இல்லை. குழந்தையின் தலைக்கு மேல் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டார். நானும் கம்ப்யூட்டருக்கு நன்றாகப் போர்த்திவிட்டேன்.

அந்த 'பீப்' எனக்குக் கொஞ்சமும் மறக்கவில்லை. அந்தக் குழந்தை அழுததா என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் குளிரில் அது அழாமலா இருந்திருக்கும்?