வாரேன் என்றால் வா அல்ல

என் நாய்க்கு ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து விழும். நிற்கிற காது என்னைக் கேட்கிறது, விழுந்த காது ஊரைக் கேட்கிறது என்று மனைவியிடம் சொல்வேன். "ரெண்டும் சட்டி சத்தத்தத்தான் கேக்குது" என்பாள் அவள்.

மூன்று வருடத்துக்கு முன், நான் வேலை பார்க்கும் சுங்கை பஞ்சாங் நெல் ஆலையின் பின்னால், உமிக் குவியலின் கதகதப்பில் அது தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் எடுத்தேன். கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியில் தவிட்டு வாசம். அன்று சாயங்காலம் என் சட்டைக்குள் உட்கார்ந்தபடி, தலையை மட்டும் பொத்தான்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் வயல் பச்சையாய் ஓட ஓட, மோட்டார் சைக்கிளில் கோல சிலாங்கூர் வந்து சேர்ந்தது.

வளர்ந்து நிலைக்கு வந்தபின் அதற்கு நான் முறையாகக் கற்றுக்கொடுத்த முதல் சொல் 'வா'. கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொடுத்தேன். சொல்லை ஒரு முறைதான் சொல்ல வேண்டும். குரலில் கோபம் கூடாது. நாய் ஓடி வந்து நம் முன்னால் உட்கார வேண்டும். உட்கார்ந்த அந்த நொடியே அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு. எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் கால்வாயை ஒட்டி ஒரு புல்மேடு இருக்கிறது. சாயங்கால மழை விட்டபிறகு அங்கே போய் நின்று 'வா' என்பேன். அது வருவதைப் பார்க்க வேண்டும். உடம்பு முன்னே வரும், பின்கால்கள் கொஞ்சம் தாமதமாக வரும், வால் தன் பாட்டுக்குத் தனியாக வரும், புல்லில் நின்ற மழை எல்லாம் எழுந்து அதோடு சேர்ந்து வரும். என் காலடியில் வழுக்கி நின்று, உட்கார்ந்து, அண்ணாந்து பார்க்கும். ஒரு சொல்லுக்கு இத்தனை மதிப்பு கொடுத்த உயிரை நான் அதுவரை கண்டதில்லை. வீட்டில் என் சொல் எடுபடுகிற அழகு எனக்குத் தெரியும்.

அந்த மாதத்தில்தான் ஊளையும் ஆரம்பித்தது.

மனைவி ஆறரைக்கே கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். ஏழு மணிக்கு நான் கிளம்புவேன். அதற்கு முன்பெல்லாம் நான் கிளம்பும்போது கண்ணைக்கூடத் திறக்காத நாய், இப்போது இரும்புக் கேட்டைச் சாத்தியதும் பாய்ந்து வந்து, கம்பிக்குப் பின்னால் நேராக உட்கார்ந்து, என்னையே பார்த்து, நான் மோட்டாரை முடுக்கியதும் மூக்கை வானத்துக்குத் தூக்கிவிடும். தெரு முனை திரும்பும்வரை கேட்கும். அதற்குப் பிறகும் அரை மணி நேரம் நீளும் என்று பிறகுதான் தெரிந்தது. சொன்னது பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி.

அவருக்குப் பாசிர் பெனம்பாங்கில் ஒரு கடல் உணவுக் கடையில் வேலை. கடை மூடி, மேசை துடைத்து, நண்டு ஓடு அள்ளி வீடு வந்து படுக்கவே நேரமாகிவிடும். அவருடைய தூக்கம் காலைத் தூக்கம். என் நாயின் பாட்டும் காலைப் பாட்டு. அவர் மலாயில்தான் பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'தம்பி', 'தண்ணி', 'சாப்டாச்சா' மூன்றும்தான். ஒரு சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நின்று, கோபமே இல்லாமல், கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்பு வளையங்களோடு சொன்னார்:

"தம்பி, ஒன் நாய எனக்குப் பிடிக்கும். ஆனா எனக்கு அறுபது வயசு. ஒரு மாசம் பாக்கறேன். முடியலன்னா வேற ஏற்பாடு பண்ணிடு."

வேற ஏற்பாடு ஒன்றுதான் இருந்தது. சபாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் என் மச்சான், மனைவியின் அண்ணன். கேட்டதும் சம்மதித்தார். "கொண்டாங்க. கோழிக் கூட்டுக்குப் பக்கத்துல சங்கிலி போட்டுக் கட்டிடலாம். திருட்டுக்கு நல்லது." சங்கிலியையும் வாங்கி வைத்துவிட்டார். மாதம் முடியும் திங்கட்கிழமை சாயங்காலம் இந்தப் பக்கம் லோரி வரும், அப்படியே ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. நான் போனை வைத்தேன். கீழே பார்த்தேன். உமியில் கிடைத்த அந்த உயிர் என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது.

மறுநாளே பயிற்சிக் குழு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ராவாங்கிலிருந்து வாரம் இரண்டு முறை வரும் ஒரு பெண், பழைய தோட்டத்துப் பந்துத் திடலில் நாய்களுக்கும் நாய்க்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். பகலில் கால்நடை மருத்துவமனையில் வேலை. வயது இருபத்தைந்து இருக்கும். என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அங்கள், உங்க நாய்க்கு 'வா' தெரியும், 'இரு' தெரியாது. மாசக் கடைசி சண்டே இங்கயே ஒரு சின்ன காம்படிஷன் இருக்கு. மூணு நிமிஷம் ஸ்டே. நீங்க இருபது அடி தள்ளிப் போய் நிக்கணும், அது அசையக் கூடாது. அதுல உக்காந்துட்டா வீட்டுலயும் உக்காரும் லா. கவலப்படாதீங்க."

கவலைப்பட வேண்டியதாயிற்று. உட்கார் என்றால் உட்காரும். இரு என்றால் இருக்கும். நான் திரும்பி இரண்டடி வைத்தால் எழுந்து பின்னாலேயே வந்து, முன்னால் சுற்றி வந்து உட்கார்ந்து, ஈரலுக்கு அண்ணாந்து பார்க்கும். பத்து முறை, இருபது முறை. பக்கத்தில் குளிர்சாதனக் காரில் வந்து இறங்கிய ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் கோயில் தூண் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் சொந்தக்காரர் திடலைத் தாண்டிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டே வருவார்.

"நாயச் சொல்லிக் குத்தமில்ல" என்றாள் திடலோரம் பாய் விரித்து உட்கார்ந்திருந்த மனைவி. "வளத்தவர் எப்படியோ அப்படி. இவர ரெண்டு நிமிஷம் ஒரு எடத்துல நிக்கச் சொல்லு பாப்போம்."

பயிற்சிக்காரப் பெண் சிரித்துவிட்டு, அப்படியே சொல்லவும் செய்தாள். "ஆமா அங்கள், நீங்க ஆடிக்கிட்டே இருக்கீங்க. அது உங்களப் பாத்துதான் ஆடுது."

உண்மைதான். எனக்கு நிற்கத் தெரியாது. ஆலையில் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்திலும் நான் ஓடிக்கொண்டுதான் இருப்பேன். வரிசையில் நின்றால் வரிசையைச் சுற்றி வருவேன். அதனால் இரண்டு வாரம் நான்தான் பயிற்சி எடுத்தேன். குளியலறையில் அசையாமல் நின்றேன். சோறு கொதிக்கும்வரை அடுப்புக்கு முன்னால் அசையாமல் நின்றேன். நாய் எனக்கு எதிரே உட்கார்ந்து, இவனுக்கு யார் 'இரு' சொன்னது என்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஆனாலும் திடலுக்குப் போனால் அதே கதை. காலையில் அதே ஊளை.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, நாயின் பந்து சுவர் தாண்டி விழுந்ததைக் கொடுக்க ஆண்டி வந்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, 'வாரே'ன்னா என்ன?"

எனக்குப் புரியவில்லை.

"தெனமும் காலைல கேட்ட சாத்திட்டு ஏதோ சொல்ற. 'போட்டு வாரே, போட்டு வாரே'. நான் தூங்காமப் படுத்துக் கேக்குறேன் இல்லயா. நீ 'வாரே' சொன்னதும் அது ஓடி வருது. வந்து உக்காருது. நீ ஒண்ணும் குடுக்காமப் போற. அப்புறம்தான் அழுது. சாயங்காலம் பின்னால நின்னு ஈரல் குடுக்கறப்பவும் 'வா வா'ன்னுதானே கூப்பிடற?"

நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

போயிட்டு வாரேன். பிறந்ததிலிருந்து வீட்டு வாசலில் சொல்லிவந்த சொல். போறேன் என்று சொல்லக் கூடாது, அபசகுனம். போனவன் திரும்பி வர வேண்டும், அதனால் போகும்போதே வருவதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மனைவி வீட்டிலிருந்தால் அவளிடம் சொல்வேன், படத்திலிருக்கும் அம்மாவிடம் சொல்வேன், கேட்டைச் சாத்திவிட்டு நாயிடமும் சொல்வேன். திடலில் அதை உட்காரவைத்துவிட்டு இரு என்று சொல்லித் திரும்பும்போது, வாய்க்குள்ளேயே, எனக்கே கேட்காமல், அதைத்தான் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக்காரப் பெண் பக்கத்திலேயே நின்றாள், கேட்கவில்லை. மனைவி பாயில் உட்கார்ந்திருந்தாள், கேட்கவில்லை. எங்களுக்கெல்லாம் அது சொல்லே இல்லை, மூச்சு. தமிழ் தெரியாத இரண்டு பேருக்குத்தான் அது சத்தமாகக் கேட்டிருக்கிறது. ஒருவர் தூக்கம் கெட்ட ஆண்டி. மற்றது நாய். வாரேனுக்குள் இருக்கும் 'வா' அதற்கு மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. தினமும் காலையில் கூப்பிட்டேன். நல்ல பிள்ளையாய் வந்து உட்கார்ந்தது. ஈரலும் கொடுக்காமல், தலையையும் தடவாமல், வண்டி ஏறிப் போனேன். நானாக இருந்தாலும் ஊளைதான் இட்டிருப்பேன்.

"இவ்வளவுதானா?" என்றாள் மனைவி. "அப்ப பேசாம போறேன்னு சொல்லிட்டுக் கெளம்புங்க."

மறுநாள் காலை முயன்றேன். 'போ' வரைக்கும் வந்தது, 'றேன்' வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் பார்த்தேன். பாகான் நக்கோடா ஓமாருக்குப் பிரியும் சாலைவரை போய், ஏதோ அடுப்பை அணைக்காமல் வந்தவன் மாதிரி, வண்டியைத் திருப்பி வந்து கேட்டடியில் நின்று சொல்லிவிட்டுப் போனேன். என் வாயைத் திருத்துவதைவிட நாயின் சொல்லை மாற்றுவது சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"மலாயில கூப்பிட்டா என்ன?" என்றேன். "மாரி. வான்னுதானே அர்த்தம்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு தெரு தள்ளி மாரியம்மன் கோயில். நீங்க திடல்ல நின்னு மாரி, மாரின்னு நாயக் கூப்பிடுங்க. பூசாரி வந்து பதில் சொல்லுவாரு."

அதனால் 'சினி' ஆயிற்று. மலாயில் 'இங்கே' என்று அர்த்தம். ஈரலை இரட்டிப்பாக்கினேன். சினி என்றால் ஓடி வந்தது, இரண்டே நாளில். ஆனால் பழைய சொல் அதன் காதைவிட்டுப் போக வேண்டுமே. வாரேன், வாரேன் என்று சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றி நடந்தேன். அது எழுந்து வந்தால் ஒன்றும் இல்லை. எழாமல் இருந்தால் நான் திரும்பிப் போய் ஈரல் கொடுத்தேன். காலை ஊளை அரை மணியிலிருந்து பத்து நிமிடமானது. பிறகு ஐந்து. ஆண்டி விரலைக் காட்டிச் சுவருக்கு மேலிருந்து சொல்வார். சனிக்கிழமைவரை ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை.

ஞாயிறு. திடலில் முதல்நாள் மழையின் ஈரம். விடிகாலையில் அதைக் குளிப்பாட்டி, காதுக்குள் உண்ணி பார்த்து, நகம் வெட்டி, வயிற்றுப் பக்கம் என் மனைவியின் சீப்பால் வாரிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. ஏழு நாய்கள் வரிசையாக உட்கார்ந்தன. தொப்பி போட்ட நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இரு" என்றேன். நிற்கிற காது என் பக்கம் திரும்பியது.

ஒரு சொல்லுக்குத்தான் அனுமதி, கூடுதலாகப் பேசினால் புள்ளி போகும் என்று பெண் நூறு முறை சொல்லியிருந்தாள். ஆனால் நாளைக்கு லோரி வருகிறது. இந்தச் சொல்லைத் தாங்குகிறதா என்று தெரியாமல் இருபது அடி நடந்து எனக்கு என்ன ஆகப் போகிறது. குனிந்து, தெளிவாக, நடுவருக்கே கேட்கும்படி சொன்னேன்:

"போயிட்டு வாரேன்."

நடந்தேன். திரும்பினேன். உட்கார்ந்திருந்தது.

முதல் நிமிடம் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது நிமிடம் ஒரு கொக்கு திடலுக்கு நடுவே இறங்கியது, தூண் மாதிரி இருந்த ஜெர்மன் ஷெப்பர்ட் தூண் வேலையை விட்டுவிட்டுக் கொக்கைத் துரத்தியது. என் நாய் கண்ணை மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது நிமிடம் என் செருப்புக்குள் எறும்பு. நான் நின்ற இடம் எறும்புப் புற்று. ஒவ்வொரு விரலாகக் கடித்தன. நான் வலது காலைத் தூக்கினேன், இடது காலைத் தூக்கினேன், மெதுவாக, மரியாதையாக ஆடினேன். எதிரே அது உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவர் விசில் ஊதினார். "சினி" என்றேன். வந்தது. உடம்பு முன்னே, கால்கள் பின்னே, வால் தனியே.

நான்காம் இடம். ரிப்பன் மூன்று இடத்துக்குத்தான். மதிப்பெண் தாளில் நாய்க்குக் குறை ஒன்றுமில்லை. ஆள் கூடுதலாகப் பேசினார், ஆள் காலை அசைத்தார் என்று இரண்டு இடத்தில் கழித்திருந்தார்கள். மூன்றாம் பரிசு வாங்கிய அம்மா வந்து, "ஒங்க சீனி ரொம்ப சமத்து" என்றார். ஈரல் ஒட்டிய கையோடு நன்றி சொன்னேன். அன்றிலிருந்து பாதித் திடலுக்கு அது சீனிதான்.

திங்கள் காலை ஏழு மணிக்குக் கேட்டைச் சாத்தினேன். சொன்னேன். அது பாயில் படுத்தபடி வாலை ஒரு தட்டுத் தட்டியது. தெரு முனையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கேட்டேன். எங்கோ ஒரு சேவல். அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு ஆலைக்குப் போன் வந்தது. ஆண்டி.

"தம்பி, நாய்க்கு என்ன ஆச்சு? சத்தமே இல்ல. எனக்குத் தூக்கம் வரல. எழுந்து போய்ப் பாத்தேன். சும்மா படுத்துருக்கு. என்னப் பாத்து வால ஆட்டுச்சு. சரி, நான் போய்த் தூங்கறேன்."

சாயங்காலம் மச்சான் லோரியில் சங்கிலியோடு வந்தார். தேத்தண்ணி குடித்தார். கதையைக் கேட்டு, "ஒரு சொல்லுக்கா இந்தப் பாடு" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். போகும்போது சங்கிலியை என் மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டுச் சங்கிலியாகக் கொடுத்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

அவர் லோரி திரும்பிய அதே நேரம் ஆண்டி வேலைக்குக் கிளம்பினார். சைக்கிளை எங்கள் கேட்டடியில் நிறுத்தி, கம்பிக்குள் விரலை விட்டு அதன் மூக்கைத் தொட்டு, தனக்குத் தெரிந்த நான்காவது தமிழ்ச் சொல்லைச் சொன்னார்.

"போட்டு வாரே."

அது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நான்தான், என்னை அறியாமல், கேட்டுவரை போய் நின்றேன்.