ஃபெபி வைத்த வெள்ளரிக்காய்க் குதிரை

நம்பினால் நம்புங்கள். இது அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில், எங்கள் அபார்ட்மென்ட்டில், இந்த ஆகஸ்டில் நடந்தது. யாராவது பேய் என்று ஆரம்பித்தாலே, "ஜெபம் பண்ணிட்டுப் படுங்க" என்று சிரிக்கிறவள் நான். இப்போது சிரிப்பு வருவதில்லை.

எதிர்வீட்டு ஹனாயே ஆன்ட்டி ஜப்பான்காரர். தனியாக இருக்கிறார். 13ஆம் தேதி வாசலில் ஒரு வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சிக் கால்கள் குத்தி நிற்க வைத்திருந்தார். ஓபோன் பண்டிகையாம். இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள். வெள்ளரிக்காய் அவர்கள் ஏறி வருகிற குதிரை. என் ஆறு வயது மகள் ஃபெபிக்கு ஒரே குஷி. எங்கள் வாசலிலும் ஒன்று செய்து வைத்தாள். ஒரு வெள்ளரிக்காய்தானே, போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கார்ப்பெட்டில் ஈரம். சின்னச் சின்னக் கால்தடங்கள். ஃபெபியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சோபாவில் பக்கத்தில் இடம் விட்டே உட்கார்ந்தாள். வீடெல்லாம் குளோரின் வாசனை... என் கணவர் சைலஸ், "ஏசி லீக் ஆகுது, மெயின்டெனன்ஸுக்குக் கால் பண்ணு" என்றார்.

16ஆம் தேதி வேலை முடிந்து வந்தேன். கிச்சன் மேடையில் ஒரு கத்திரிக்காய். அதற்கும் நான்கு குச்சிகள். ஃபெபியின் விளையாட்டு என்று நினைத்தேன். நல்ல பிஞ்சு. குச்சிகளைப் பிடுங்கிவிட்டு நறுக்கிப் புளிக்குழம்பில் போட்டேன்.

ஃபெபி ஓடி வந்து அலறினாள். "அம்மா! தட்ஸ் ஹிஸ் கௌ!"

"யாரோடதுடி?"

"ஆன்ட்டி கேவ் இட். ஹி ஹாஸ் டு கோ டுநைட்!"

மாலை 7:52. எதிர்வாசலில் ஆன்ட்டி வழியனுப்பும் விளக்கை ஏற்றினார்.

சளக்... சளக்...

ஃபெபியின் அறையிலிருந்து. ஆள் இல்லை. கார்ப்பெட் மட்டும் அமுங்கிக்கொண்டே வந்தது.

வாசலில் நின்றது. அடுப்பில் குழம்பு கொதித்தது.

சளக்... சளக்...

திரும்பி அறைக்குள் போய்விட்டது.

ஜெபிக்க வாயைத் திறந்தேன். பாதியில் விட்டு, ஃபெபியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

ஆன்ட்டி அழுதுகொண்டே சொன்னார். கத்திரிக்காய், இறந்தவர்கள் திரும்பிப் போகிற பசு. அவர் மகன் தகேஷி ஆறு வயதில் எங்கள் காம்ப்ளெக்ஸ் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தவன். ஃபெபி சொன்ன அடையாளத்தில் அவன்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது; ஃபெபியின் குதிரையில் வந்தவன் என்பதால் பசுவையும் அவளிடமே கொடுத்திருக்கிறார். வேறு கத்திரிக்காய் வாங்கி வருகிறேன் என்று கெஞ்சினேன். விளக்கு அணைந்துவிட்டது, இனி அடுத்த ஆகஸ்டுதான் என்றார்.

செப்டம்பரில் குளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி, கேட்டையும் பூட்டிவிட்டார்கள். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நேற்று காலை ஃபெபியை எழுப்பப் போனேன். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குளோரின் வாசனை...

நீச்சல் தெரியாத என் மகள் கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"அம்மா, ஐ கேன் ஃப்ளோட் நௌ."